செவ்வாயில் காற்று யார் கையில் இருக்கும்?

"செவ்வாயில் ஆயிரம் பேர் குடியேறினால் அங்கே எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? கூட்டிப்போன கம்பெனியே ஆட்சி நடத்துமா? குடியேறியவர்கள் தனி நாடு என்று அறிவித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பூமியிலிருந்து யாரும் சட்டென்று வந்து தட்டிக்கேட்க முடியாத இடத்தில் ஒருவரின் அதிகாரத்துக்கு எது வரம்பு? இதற்குப் பாதி விடை சட்டத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அந்தக் குடியிருப்பின் குழாய் வரைபடத்தில் இருக்கிறது. மூடிய இடங்களுக்கான காற்று, நீர் ஏற்பாடுகள்தான் என் துறை என்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே பேசுவேன். சட்டம் பற்றி நான் சொல்வதை, அதை ஒட்டி வேலை பார்க்கிறவனின் படிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் ஆலோசனையாக அல்ல.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1967-இல் கையெழுத்தான விண்வெளி ஒப்பந்தம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா என்று ராக்கெட் ஏவும் பெரிய நாடுகள் எல்லாமே அதில் உறுப்பு. அதன் இரண்டாம் பிரிவுப்படி எந்த நாடும் நிலாவையோ வேறு கோளையோ தன் நிலம் என்று உரிமை கோர முடியாது. கொடி நட்டாலும் முடியாது, ஆட்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தாலும் முடியாது. ஆறாம் பிரிவுப்படி தனியார் செய்வதற்கும் அவர்களுடைய நாடே பொறுப்பு. அனுமதி கொடுத்துவிட்டுக் கைகழுவ முடியாது, தொடர்ந்து மேற்பார்வை பார்த்தாக வேண்டும். எட்டாம் பிரிவுதான் உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில். ஒரு கலத்தை எந்த நாடு தன் பதிவேட்டில் சேர்த்திருக்கிறதோ, அந்தக் கலத்தின் மீதும் அதில் போகிறவர்கள் மீதும் உள்ள அதிகாரம் அந்த நாட்டுக்கே. நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம் கப்பலுக்குள் செல்வது போல. ஆகவே அமெரிக்கப் பதிவில் உள்ள கலத்தில் போய் இறங்கும் ஆயிரம் பேரும், இறங்கிய அன்றைக்கு, அமெரிக்க அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள்.

இதனால் இரண்டு விஷயம் அடிபட்டுப் போகிறது. இணையத்தில் "செவ்வாயில் ஒரு ஏக்கர்" என்று பத்திரம் விற்கிறார்களே, அது சுவரில் மாட்ட மட்டும் ஆகும். ஒரு நாட்டுக்கே இல்லாத நிலத்துக்கு அந்த நாடு பட்டா கொடுக்க முடியாது. இன்னொன்று, ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்கின் சேவை ஒப்பந்தத்தில் 2020-இல் பலர் கவனித்த ஒரு வரி: செவ்வாய் ஒரு சுதந்திரக் கோள், பூமியில் உள்ள எந்த அரசுக்கும் அங்கே அதிகாரம் இல்லை, தகராறுகள் அங்கே உருவாகும் சுயாட்சி நெறிகளின்படி தீர்க்கப்படும் என்று அதில் இருந்தது. கம்பெனியும் வாடிக்கையாளரும் தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பேர் எழுதிக்கொண்ட தாள் மூன்றாவதாக இருக்கும் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆறாம் பிரிவு இருக்கும்வரை அந்த வரி ஒரு விருப்பம், அவ்வளவுதான்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. எட்டாம் பிரிவு "ஏவப்பட்ட பொருள்" மீதான அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறது. கோளின் மேல் கட்டப்பட்ட பொருளுக்கும் உடைமை மாறாது என்கிறது. செவ்வாய் மண்ணையே சுட்டுச் செங்கல் ஆக்கி ஒரு வீடு கட்டினால்? அது கட்டியவருடையது என்பது தெளிவு. ஆனால் ஏவப்படாத அந்த வீட்டுக்குள் நடப்பது எந்த நாட்டு அதிகாரத்தில் வரும் என்பது தெளிவில்லை. தொடக்கத்தில் இது வெறும் வாதம். முப்பது வருடம் கழித்து, பூமியிலிருந்து வந்த உலோகக் கூடுகள் கிடங்காகி, மக்கள் எல்லாம் செங்கல் கூடங்களில் வாழும்போது இதுதான் முதல் வழக்காக வரும் என்பது என் ஊகம்.

தோண்டி எடுக்கும் பொருள் யாருக்கு என்பதிலும் உலகம் ஒத்துப்போகவில்லை. நிலத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாது, ஆனால் எடுத்த பனிக்கட்டி எடுத்தவருக்கே என்று அமெரிக்கா 2015-லும் லக்சம்பர்க் 2017-லும் ஜப்பான் 2021-லும் சட்டம் போட்டன. கடலைச் சொந்தம் கொண்டாட முடியாது, பிடித்த மீன் பிடித்தவனுக்கு என்ற அதே வாதம். எதிர்ப்பக்கத்தில் 1979-இன் நிலா உடன்பாடு இருக்கிறது. பெயரில்தான் நிலா, சூரியக் குடும்பத்தின் மற்றக் கோள்களுக்கும் அது பொருந்தும். இயற்கை வளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்கிறது. இருபது நாடுகள்கூட அதில் இல்லை. இந்தியா 1982-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு உறுதிசெய்யாமல் விட்டது. சவூதி அரேபியா சேர்ந்துவிட்டு 2024-இல் வெளியேறியது. அமெரிக்கா முன்னின்று தொடங்கிய, நிலா முதலிய இடங்களில் நடந்துகொள்ளும் நெறிகளைச் சொல்லும் 2020-இன் ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகளில் இந்தியா 2023 ஜூனில் சேர்ந்தது. அதில் "பாதுகாப்பு வளையம்" என்று ஒன்று வருகிறது. ஒருவர் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வருகிற இன்னொருவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். வளையத்தின் ஆரம் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இல்லை. எளிதில் எட்டும் பனி, கலம் இறங்கத் தோதான தாழ்நிலம், போதுமான வெயில் மூன்றும் சேர்ந்து அமையும் இடங்கள் செவ்வாயில் எங்கும் கிடைத்துவிடாது. அப்படி ஓர் இடத்தில் முதலில் வருபவர் போடும் வளையம், பெயர் என்னவாக இருந்தாலும், நடைமுறையில் வேலிதான்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு 1998-இல் 15 நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒவ்வொரு அறையும் அதைக் கொடுத்த நாட்டின் அதிகாரத்தில் இருக்கிறது. குற்றம் செய்தவர் மீது நடவடிக்கை எடுக்கும் உரிமை முதலில் அவருடைய நாட்டுக்கு. அந்த நாடு வழக்குத் தொடர உறுதி தராவிட்டால் பாதிக்கப்பட்டவரின் நாடு தொடரலாம். கனடா 2022-இல் தன் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, நிலாவில் கனடிய விண்வெளி வீரர் செய்யும் குற்றத்தையும் கனடாவுக்குள் நடந்ததாகவே கருதும்படி செய்துவிட்டது. அண்டார்க்டிகாவில் உரிமைக் கோரிக்கைகளை 1959 ஒப்பந்தம் அப்படியே உறையவைத்தது. 2018-இல் ரஷ்யாவின் பெலிங்ஸ்ஹவுசன் நிலையத்தில் கத்திக்குத்து நடந்தபோது குற்றம்சாட்டப்பட்டவரை ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இந்த மாதிரிகள் எல்லாம் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: சிக்கல் என்றால் ஆளை ஊருக்கு அனுப்பிவிடலாம். விண்வெளி நிலையத்திலிருந்து சில மணி நேரத்தில் தரையிறங்கலாம். அண்டார்க்டிகாவிலிருந்து, குளிர்காலம் என்றாலும், சில மாதத்தில் வெளியே வரலாம். செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே பயணம் கிளம்பத் தோதான வேளை 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பயணமே ஆறேழு மாதம். அதனால் அந்த மாதிரிகளை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

இங்கேதான் என் துறை வருகிறது. ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் ஆக்சிஜன் உள்ளிழுத்து, ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்துக் காட்டிய ஒரே கருவி, நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி. 2021-லிருந்து 2023 வரை 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் தந்தது. ஒருவர் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடப் போதும். அதன் உச்ச வேகமான மணிக்கு 12 கிராம் என்ற கணக்கில் ஆயிரம் பேருக்குச் சுமார் 2,900 கருவிகள் இரவு பகலாக ஓட வேண்டும். பெரிதாகச் செய்யலாம், விட்ட மூச்சிலிருந்தே ஆக்சிஜனைத் திரும்ப எடுக்கலாம், செடி வளர்க்கலாம், எல்லாம் சரி. எப்படிச் செய்தாலும் அது ஒரு ஆலை. ஆலை என்றால் அதற்கு ஒரு கட்டுப்பாட்டு அறை உண்டு, அந்த அறைக்கு ஒரு சாவி உண்டு.

ஆக்சிஜனை நிறுத்துவதுதான் கொடுங்கோலனின் ஆயுதம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கன மீட்டர் கூடத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள், காற்றுச் சுத்திகரிப்பு நின்றுவிட்டது என்று வையுங்கள். கரியமில வாயு ஒரு நாளைக்கு அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் ஏறும். நம் ஊர்க் காற்றில் அது 0.04 விழுக்காடு. விண்வெளி நிலையத்தில் 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை போனபோதே வீரர்கள் தலைவலி என்று சொல்லியிருக்கிறார்கள். நாலாம் நாள் இரண்டு விழுக்காட்டைத் தாண்டும். ஒரு வாரத்தில் நான்கை எட்டும்; தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்திருக்கும் அளவு அது. அப்போதும் ஆக்சிஜன் 16 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கும். ஆகவே ஆளைக் கவிழ்ப்பது கரியமில வாயுதான். அதைவிட முக்கியமாக, யாரையும் கொல்லாமல், வெறுமனே மந்தமாக்கி வைக்கவும் சுத்திகரிப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றே போதும். அதிகாரிகள் கூடத்தில் 0.1, தொழிலாளர் கூடத்தில் 0.5 என்று வைத்தால் வெளியே எதுவும் தெரியாது. ஒரு பக்கம் தெளிவாக யோசிக்கும், இன்னொரு பக்கம் தலையைப் பிடித்துக்கொண்டு தூங்கப்போகும்.

அதனால், சாசனம் எழுதுகிறவர்கள் பேச்சுரிமைக்கு முன்பே எழுத வேண்டியது இது: ஒவ்வொரு கூடத்தின் கரியமில வாயு, ஆக்சிஜன், அழுத்தம் மூன்றும் எல்லோர் கண்ணிலும் படும்படி எந்நேரமும் காட்டப்பட வேண்டும், காட்டும் சென்சாரைச் சரிபார்ப்பவர் ஆலையை ஓட்டுபவராக இருக்கக் கூடாது. சென்சார்கள் காலப்போக்கில் விலகும், அதனால் தெரிந்த அளவு வாயு நிரப்பிய குப்பியை வைத்து அவ்வப்போது ஒப்பிட வேண்டும். அந்தக் குப்பி யார் பொறுப்பில் என்பதுகூட அங்கே அரசியல் கேள்விதான். வடிவமைப்பில் சுத்திகரிப்பை ஒரே மைய ஆலையில் வைக்காமல் கூடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவைப்பது நல்லது. பொறியாளர்கள் இதை விரும்ப மாட்டார்கள். எடை கூடும், உதிரிபாகம் கூடும், மின்சாரமும் கூடும். எடையை எண்ணி அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இதுவரை செவ்வாயில் பத்திரமாக இறக்கியதிலேயே கனமான ஊர்தி பெர்சிவரன்ஸ், சுமார் ஒரு டன். ஆனால் ஒற்றை ஆலை வைத்த ஊரில் அந்த ஆலையை வைத்திருப்பவரை எந்தத் தேர்தலும் அசைக்காது. விண்வெளியில் சுதந்திரம் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் எடின்பரோ வானுயிரியலாளர் சார்ல்ஸ் காக்கலும் இந்த அபாயத்தையே சுட்டிக்காட்டுகிறார்.

அடுத்தது கதவு. அதே ஆயிரம் கன மீட்டர் கூடத்தில் பத்து செ.மீ. அகல ஓட்டை விழுந்தால் நாலைந்து நிமிடத்தில் அழுத்தம் முப்பது விழுக்காடு குறையும். இரண்டு மி.மீ. ஓட்டை என்றால், 2018-இல் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்யக் கலமான சோயுஸில் கண்டது போல, நாள்கணக்கில் நேரம் இருக்கும், ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். பெரிய ஓட்டைக்கு ஒரே வழி கதவை மூடுவது. மூடும் பக்கத்தில் யார், மூடப்படும் பக்கத்தில் யார்? கூட்டம் போட்டு முடிவெடுக்க நேரம் இல்லை. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் பிராக்ரஸ் சரக்குக் கலம் மோதி ஸ்பெக்டர் அறையில் ஓட்டை விழுந்தது. அறையை அடைத்தால் மற்ற இடம் தப்பும். ஆனால் கதவு வழியாக மின்கம்பிகள் போட்டிருந்தார்கள். அவற்றைக் கழற்றியும் அறுத்தும்தான் மூட வேண்டியிருந்தது. ஓட்டை சிறியது, தப்பினார்கள். கதவு வழியாகத் தற்காலிகமாக ஒரு கம்பி, ஒரு குழாய் என்று ஆரம்பிப்பது எந்தக் குடியிருப்பிலும் நடக்கும், வசதி அப்படி.

எனவே அவசர அதிகாரத்தை ஆள் பார்த்துக் கொடுக்காமல் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அழுத்தம் இத்தனை வேகத்தில் குறைந்தால் கதவு தானே மூடும். தளபதியும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, தன் விருப்பத்துக்கு மூடிவைக்கவும் முடியாது. கதவின் இரண்டு பக்கமும் அழுத்தமானியும் கண்ணாடியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கூடத்திலும் உள்ளே புகுந்து ஜிப் போட்டுக்கொள்ளும் அழுத்தப் பை, அங்கே இருக்கக்கூடிய ஆள் எண்ணிக்கையைவிட இரண்டு கூடுதலாக. கதவு வழிப் பொருள் எதுவும் போடக் கூடாது என்பதற்கு வாராவாரம் சோதனை. அளவில் அடங்காத அவசரங்களுக்கு, அதாவது தீ, தொற்று, மின்தடை போன்றவற்றுக்கு, ஒருவரிடம் முழு அதிகாரம் தரத்தான் வேண்டும். ஆனால் அது செவ்வாய்க் கோளின் கணக்கில் மூன்று நாளில் தானே காலாவதியாக வேண்டும். நீட்டிக்க அவருக்குக் கீழே வேலை செய்யாதவர்களின் ஒப்புதல் வேண்டும். மூன்று என்பது என் எண். ஏழு என்றாலும் சண்டைக்கு வர மாட்டேன். காலாவதி இல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது.

தொழிலாளர் சட்டத்துக்கு அங்கே முதல் கருவி கதிர்வீச்சு அளவுமானி. கியூரியாசிட்டி ஊர்தி அளந்தபடி செவ்வாய்த் தரையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.67 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), வழிப்பயணத்தில் 1.8. இந்தியாவில் அணு உலைத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் அனுமதி; தரையில் மறைப்பில்லாமல் ஒரே மாதத்தில் அது வந்துவிடும். நாசா தன் வீரர்களுக்கு ஆயுள் வரம்பாக வைத்திருப்பது 600. ஆறு மாதப் பயணத்திலேயே 320-க்கு மேல் போய்விடும். அதாவது குடியேறுகிறவர் இறங்கும்போதே பாதிக் கணக்கைச் செலவழித்துவிட்டு வருகிறார். மண்ணை மீட்டர் கணக்கில் மேலே குவித்த கூடத்துக்குள் இருப்பவருக்கு அளவு வெகுவாகக் குறையும். வெளியே போய்ச் சூரியத் தகட்டில் தூசி தட்டுபவருக்குக் குறையாது. வெளிவேலை யாருக்கு, எத்தனை மணி நேரம், மிச்சக் கணக்கு தீர்ந்தவரை உள்வேலைக்கு மாற்றும் கடமை யாருடையது என்பதெல்லாம் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். சுழற்சி முறை இல்லாவிட்டால் கடன்பட்டு வந்தவர்தான் வெளியே போவார்.

எத்தனை பேரை வரவிடலாம் என்பதும் கொள்கை வாதத்துக்கு முன்னால் இயந்திரக் கணக்கு. விண்வெளி நிலையத்தின் சிறுநீர்ச் சுத்திகரிப்புக் கருவி 2009 வாக்கில் அடைத்துக்கொண்டது. காரணம் யாரும் எதிர்பார்க்காதது. எடையின்மையில் எலும்பு கரைந்து சிறுநீரில் கால்சியம் கூடுகிறது. சிறுநீர் கெடாமல் இருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது கால்சியம் சல்பேட்டாகப் படிந்தது. எதிர்பார்த்த 85 விழுக்காட்டு மீட்பைக் குறைத்து ஓட்டினார்கள். பிறகு கந்தக அமிலத்தை விட்டுப் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். இன்று ஒட்டுமொத்த நீர் மீட்பு 98 விழுக்காட்டை எட்டியிருக்கிறது. பாடம் என்னவென்றால், தரையில் சோதித்த கருவி மனிதர்களோடு சேர்ந்தால்தான் தன் குறையைக் காட்டும். பெரிய அளவிலும் அப்படித்தான். அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய சோதனைக் கூடத்துக்குள் 1991-இல் எட்டுப் பேரை அடைத்தபோது பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9-இலிருந்து 14.5 விழுக்காட்டுக்கு அருகே இறங்கியது. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் செடிகளுக்கும் அது திரும்பக் கிடைக்கவில்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். அதற்குள் எட்டுப் பேரும் நான்கு நான்காகப் பிரிந்து பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எனவே ஆயிரம் பேருக்கான இயந்திரம் இருந்தால் ஆயிரம் பேரை அழைக்கக் கூடாது. மிகப் பெரிய ஒரு அலகு நின்றாலும், அடுத்த சரக்கு வரும்வரை, அதாவது பயணத்துக்கான வேளை ஒன்று தவறினால் நாலரை வருடம், தாக்குப்பிடிக்கும் எண்ணிக்கைதான் உச்சவரம்பு. அந்த எண்ணை நிர்ணயிப்பவருக்குப் பயணச்சீட்டு விற்பனையில் பங்கு இருக்கக் கூடாது.

கம்பெனி ஆட்சி பற்றிக் கேட்டீர்கள். தொலைதூரத்தில் கம்பெனி ஆண்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம், நம் சென்னைக் கோட்டையே போதும். 1776 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் பிகட்டை அவருடைய சொந்த ஆலோசனை சபை உறுப்பினர்களே கைது செய்து காவலில் வைத்தார்கள். தஞ்சாவூர் வருவாயும் ஆற்காடு நவாபின் கடன் பத்திரங்களும் பின்னணி. செய்தி லண்டன் போய்ச் சேர மாதக்கணக்கு. அங்கே விவாதித்து, அவரை மீட்டமர்த்தித் திருப்பி அழைக்க முடிவெடுத்து, அந்த உத்தரவு கப்பலேறி வருவதற்குள் 1777 மே மாதம் பிகட் காவலிலேயே இறந்துவிட்டார். செவ்வாயில் செய்தி அப்படித் தாமதமாகாது. தூரத்தைப் பொறுத்து மூன்று முதல் 22 நிமிடம். 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் நடுவே வரும்போது மட்டும் இரண்டு வாரம் போல் தொடர்பு நம்ப முடியாததாகிவிடும். ஆனால் செய்தி போவது வேறு, ஆள் போவது வேறு. பூமியில் ஒரு நீதிமன்றம் அரை மணி நேரத்தில் தடையாணை அனுப்பிவிடலாம். அதை அமல்படுத்தும் கை இரண்டு வருடத் தொலைவில் இருக்கும். ஆணைக்குக் கீழ்ப்படியும் பழக்கத்தை முன்கூட்டியே, பணத்தின் மூலம் உறுதிசெய்ய வேண்டும். கம்பெனி பூமியில் பிணைத்தொகை கட்டட்டும். ஆணையை மீறினால் அடுத்த பயண வேளைக்கான ஏவல் அனுமதி கிடைக்காது என்று ஆறாம் பிரிவின் மேற்பார்வைக் கடமையைப் பயன்படுத்தி எழுதலாம். பூமி அரசின் கையில் உள்ள ஒரே நல்ல பிடி இதுதான்.

உள்ளூரில், வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் கடை வைத்திருப்பவரும் ஒருவரே என்றால் என்ன நடக்கும் என்பது தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வேலை போனால் கூரையும் போகும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் சிக்கசா ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்த ஊர். அங்கே நடைபாதையில் துண்டறிக்கை கொடுத்த பெண்ணுக்குத் தண்டனை விதித்தது செல்லாது என்று 1946-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் தனியாருடையது என்றாலும் அது ஊராக இயங்கினால் குடிமக்கள் உரிமை அங்கும் பொருந்தும் என்றது. அமெரிக்கப் பதிவில் உள்ள குடியிருப்புக்கு இந்த வாதம் நீளுமா என்பது உறுதியில்லை. ஆகவே ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்: காற்று, நீர், வெப்பம், அடிப்படை உணவு, திரும்பும் இருக்கை இந்த ஐந்தும் சம்பளத்தோடும் தண்டனையோடும் கட்டப்படாதவை. ஐந்தாவதுதான் விலை அதிகம், அதனால் அதையே முதலில் வெட்டுவார்கள். ஒவ்வொரு பயண வேளையிலும் இத்தனை இருக்கை திரும்பிப் போக விரும்புவோருக்கு என்று ஒதுக்கி, எரிபொருள் தயாராகி அளந்து காட்டிய பிறகே புதியவர்களை ஏற்றிவர வேண்டும். இதுவரை செவ்வாய்த் தரையிலிருந்து எந்தக் கலமும் ஒரு கல்லைக்கூடப் பூமிக்குக் கொண்டுவந்ததில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

தண்டனை பற்றி ஒரு வார்த்தை. ஊரைவிட்டு விலக்கிவைப்பது அங்கே மரண தண்டனை. சிறையும் சிரமம், அடைபட்டவர் அதே 840 கிராம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவார், வேலை மட்டும் செய்ய மாட்டார். நடைமுறையில் நடமாட்டக் கட்டுப்பாடு, பொறுப்பிலிருந்து நீக்கம், அடுத்த பயண வேளையில் திருப்பி அனுப்புதல், இந்த மூன்றுதான் மிஞ்சும். விசாரிப்பவர் கம்பெனி ஊழியராக இல்லாமல், சம்பளத்தைப் பூமியில் உள்ள அரசிடம் வாங்குபவராக இருக்கட்டும்.

குழந்தைகள் விஷயத்தில் அறிவியலே இன்னும் கையை விரிக்கிறது. பூமியில் உள்ளதில் 38 விழுக்காட்டு ஈர்ப்பில் மனிதக் கரு சரியாக வளருமா என்று எந்தத் தரவும் கிடையாது. சட்டத்தில் வேடிக்கை வேறு மாதிரி. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியப்பட வேண்டும் என்கிறது நம் குடியுரிமைச் சட்டம். செவ்வாயில் தூதரகம் எங்கே, வருடம் என்றால் எது, 365 நாளா 687 நாளா? கப்பலிலும் விமானத்திலும் பிறக்கும் குழந்தை அந்தக் கொடி நாட்டில் பிறந்ததாகக் கருதப்பட வேண்டும் என்று நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961 உடன்படிக்கை சொல்கிறது. விண்கலம் அதில் இல்லை. ஒரு வரித் திருத்தத்தில் முடிகிற வேலை இது, இப்போதே செய்துவிடலாம்.

கடைசியாக, தனி நாடு. 1933-இன் மான்டிவிடியோ உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவாடும் திறன் என்று நான்கு கேட்கிறது. நிலப்பரப்பில்தான் முட்டுகிறது. விண்வெளி ஒப்பந்தம் தடுப்பது பூமியின் நாடுகளை மட்டும்தானா, அங்கேயே முளைக்கும் நாட்டையுமா என்பதில் அறிஞர்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த விவாதம் இரண்டாம் பட்சம். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், பம்ப் தாங்கி, ஆக்சிஜன் பிரிக்கும் செராமிக் செல், சிப், இன்சுலின், மயக்க மருந்து இவற்றில் எத்தனையை அங்கேயே செய்ய முடியும் என்ற பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அந்த ரப்பர் வளையம்கூடக் கடுங்குளிரில் விறைத்து விரிசல் விடும். மாற்ற வேண்டும், மாற்ற இருப்பு வேண்டும். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி உள்ளூர்த் தயாரிப்பாக மாறும்வரை, சுதந்திரப் பிரகடனம் வாசித்த மறுநாள் காலையிலும் அடுத்த பயண வேளைக்கான உதிரிபாகக் கோரிக்கையைப் பழைய எஜமானருக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும், அதுவும் கலம் கிளம்ப ஒரு வருடம் முன்னதாகவே.